பேனாக்கத்தியும் சீவாத பென்சிலும்

அன்புள்ள குச்சிக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. அதை உன் பிள்ளை போனில் சொல்லிவிட்டான். அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் என் செய்தியைக் கேள். நான் ஒரு கத்தி வாங்கியிருக்கிறேன்!

சிரிக்காதே. மடக்கினால் என் உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்ளும் பேனாக்கத்தி. நம் பயணத்துக்காகத்தான். அந்த ஏரிக்கரை விடுதியில் காலை உணவு மட்டும்தான் தருவார்களாம். மற்ற வேளைக்கு ரொட்டி, வெள்ளரிக்காய், ஆப்பிள் என்று நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். பல் செட் வந்த பிறகு ஆப்பிளைக் கடிப்பது நம் இருவருக்குமே நடக்காத காரியம். கத்தி இல்லாமல் எப்படி?

கடையில் இருந்த பெண் என்னைப் பார்த்ததும் காய் நறுக்கும் கத்திகள் பக்கம் கையைக் காட்டினாள். பேனாக்கத்தி என்றதும், பேரனுக்கா பாட்டி என்றாள். எனக்குத்தான், நான் உனக்குப் பாட்டியும் இல்லை என்றேன். அதன் பிறகு மரியாதையாக மேடம் என்றாள். கத்தரிக்கோல், ரம்பம், திருப்புளி, மூடி திறப்பான் எல்லாம் வைத்த ஒன்றை எடுத்து நீட்டினாள். கையில் வாங்கினால் பூட்டு மாதிரி கனம். நான் ஏரிக்குப் போகிறேனா, ரயில் எஞ்சினைப் பழுது பார்க்கப் போகிறேனா? ஒரே ஒரு அலகு, மெல்லிய பிடி, அது போதும் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்ததாக ஓர் அழகான சிவப்புக் கத்தி. என் கட்டைவிரல் மூட்டு வலி உனக்குத் தெரியும். நகத்தால் நெம்பினால் அலகு அசையவே இல்லை. இன்னொன்று தொட்டதும் திறந்தது, ஆனால் அலகைத் தாங்கும் பூட்டு இல்லை. வெட்டும்போது மடங்கினால் விரல் போகும் என்று அந்தப் பெண்ணே சொன்னாள், அதை மெச்சிக்கொண்டேன். கடைசியில் கிடைத்ததுதான் இது. கறுப்புப் பிடி, அலகில் விரல் வைக்க ஒரு துளை, திறந்தால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டால் இருப்பதே தெரியவில்லை. நின்ற இடத்தில் இருபது முறையாவது திறந்து மூடியிருப்பேன். எனக்குப் பின்னால் இருந்தவர், அம்மா, எங்களுக்கும் ஒரு சான்ஸ் குடுங்க என்று கேட்கும் அளவுக்கு.

ஆனால் வீட்டுக்கு வந்து ஆப்பிளில் வைத்தால் தோல் நசுங்குகிறது, வெட்டவில்லை. புதுக் கத்தி கூர் மழுங்கி வருமா? என்னைத் தெரியுமே, விடுவேனா? மறுநாளே போய்ச் சின்னச் சாணைக்கல் வாங்கிவந்தேன். அலகை எந்தக் கோணத்தில் பிடிக்க வேண்டும் என்று கத்தியோடு வந்த காகிதத்தில் போட்டிருந்தது. கோணம் என்றதும் யார் நினைவு வந்திருக்கும், சொல்? பள்ளியில் நமக்குக் கணக்கு எடுத்த காம்பஸ் சிஸ்டர்தான். பரணில் இருந்த பழைய ஜியாமெட்ரி பாக்ஸை இறக்கச் செய்து, பாகைமானியால் அளந்து, அட்டையில் ஒரு சாய்வு வெட்டிக் கல்லுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, அலகை அந்தச் சாய்விலேயே வைத்து, கல்லிலிருந்தே மெல்லிய ஏடு ஒன்றைச் சீவி எடுப்பது போல மெதுவாக இழுத்தேன். இந்தப் பக்கம் சில தடவை, அந்தப் பக்கம் அதே அளவு. சிஸ்டர் பார்த்திருந்தால் கன்னத்தைத் தட்டியிருப்பார்.

அப்புறம் பார்த்தால் அலகின் விளிம்பெல்லாம் பிசிறு. பஞ்சை வைத்தால் மாட்டிக்கொள்கிறது. கெடுத்துவிட்டேன் என்று முடிவு கட்டி, கடைக்காரரைத் திட்ட வாசகம் கூடத் தயார் செய்துவிட்டேன். கத்தியைச் சுற்றிக்கொண்டு போக அந்தக் காகிதத்தை எடுத்தபோதுதான் தெரிந்தது, அதற்குப் பின்பக்கமும் உண்டு! தேர்வுத் தாளைத் திருப்பிப் பார் என்று வீட்டுக்கு டியூஷன் வந்த எத்தனை பிள்ளைகளைப் படுத்தியிருக்கிறேன்! பிசிறு வந்தால் தீட்டியது சரி என்று அர்த்தமாம். அதைத் தோலில் இழுத்து எடுத்துவிட வேண்டுமாம்.

தோலுக்கு எங்கே போவது? என் கைப்பை புதிது. செருப்பில் தீட்டிய கத்தியால் ஆப்பிள் வெட்ட மாட்டேன். வீட்டில் இருந்த வேறு தோல் அவருடைய பெல்ட் ஒன்றுதான். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் அவர் மாட்டிய இடத்திலேயே இத்தனை வருடமும் தொங்கிக்கொண்டிருந்தது. வேலைக்கு வரும் பெண் அதைச் சுற்றித்தான் ஒட்டடை அடிப்பாள். கடைசி வருடம் உடம்பு இளைத்தபோது அவரே ஆணியால் குத்திப் போட்டுக்கொண்ட ஓட்டை, மற்ற ஓட்டைகளின் வரிசையில் சேராமல் கோணலாக இருக்கும். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கொக்கியைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி, மறுமுனையை இழுத்துப் பிடித்து, அலகின் முதுகு முன்னே போகும்படி தீட்டினேன். தோலில் கறுப்பாகக் கோடு விழுந்தது. அவர் இருந்திருந்தால் வீடே இரண்டாகியிருக்கும்.

அடியே, பார்க்க வேண்டுமே நீ! செய்தித்தாளை நீட்டிப் பிடித்து அலகை வைத்தால் சத்தமே இல்லாமல் இறங்குகிறது. ஆப்பிள் தோல் அறாமல் ஒரே சுருளாக வந்தது. தக்காளியை வெளிச்சம் தெரியும் அளவுக்கு அரிந்தேன். அன்றைய பேப்பர் முழுவதும் நாடா நாடாவாகக் கிடந்தது. வேலைக்கு வரும் பெண், ஏம்மா, இத கூட்டறதுக்குத் தனியா ஆள் வைக்கணும் என்றாள்.

பெல்ட்டை மறுபடி ஆணியில் மாட்டவில்லை. சுருட்டிப் பயணப் பையில் வைத்திருக்கிறேன். போன இடத்தில் கூர் மழுங்கினால் வேண்டுமே.

இந்தத் தாளையும் திருப்பு.

உன் பிள்ளை பேசினான் என்றேன் அல்லவா? அப்பா போனதிலிருந்து அம்மா அறையை விட்டு வருவதில்லை, அவருடைய அலமாரியை யாரையும் திறக்க விடுவதில்லை, டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள் ஆன்ட்டி என்றான். நல்ல பிள்ளை, கவலையில் சொல்கிறான். ரத்து செய்வதாக இருந்தால் அவளே என்னிடம் சொல்லட்டும் என்று போனை வைத்துவிட்டேன். நீ சொல்லவில்லை. ஆகவே டிக்கெட் இருக்கிறது. உனக்குக் கீழ்ப் படுக்கை, ஜன்னல் பக்கம்.

உனக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. எனக்கு அவர் போனபோது எல்லாரும் சொன்னார்கள், ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. நீ மட்டும் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாய். இந்தத் தடவை வெட்டுவது என் வேலை.

ஒரு உதவி வேண்டும். அந்த ஏரிக்குத் தூர தேசத்துப் பறவைகள் வருமாம். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. உன்னவருடைய பைனாகுலர் அந்த அலமாரியில் மேல் தட்டில் இருக்கும். அவர் உயரத்துக்கு வைத்தது, நாற்காலி போட்டு ஏறாதே, பிள்ளையை எடுத்துத் தரச் சொல். அதன் கண்ணாடியை நீயே துடை.

இத்துடன் ஒரு புதுப் பென்சில் வைத்திருக்கிறேன். பள்ளிக்காலம் முழுக்க என் பென்சிலை நீதானே சீவிக் கொடுத்தாய், கூர் உடைந்தபோதெல்லாம் அலுக்காமல்? அதைச் சீவாமல் கொண்டு வா. ரயில் கிளம்பியதும் உனக்கு நான் சீவித் தருகிறேன். பறவைகளின் பெயரை நீ எழுது. உன் கையெழுத்துதான் எப்போதும் நன்றாக இருக்கும்.

பிளாட்பாரத்தில் நான் முன்னதாகவே வந்து நிற்பேன். கடவுள் உன் கையைப் பிடித்து வாசல்படி இறக்கிவிடட்டும். அதற்கப்புறம் நான் பிடித்துக்கொள்கிறேன்.

என்றும் உன் பக்கத்து இருக்கைக்காரி,
குண்டு