மாறாதது மாறியபோது

மே 5, திங்கள்

காலையிலேயே அனல். சமயநல்லூர் பஸ்ஸில் நின்றபடியே வந்தேன். ஈ பாட்டில்களுக்குத் தீனி மாற்றும் வேலை. ரவை, வெல்லம், ஈஸ்ட். சூட்டில் பழ ஈக்களின் எந்த மரபணு கூடுதலாக வேலை செய்கிறது, இதுதான் என் ஆய்வு. எல்லா மரபணுவையும் ஒரே தடவையில் பார்க்க வெளியூர் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். கட்டுப்படியாகாது. அதனால் ஆறே ஆறு மரபணு, எங்கள் பி.சி.ஆர். மெஷினில், பாதி அளவு ரசாயனத்தில். ஆறும் ஏறியிருக்கின்றன. தீசிஸ் இந்த மாதம் கொடுக்க வேண்டும். முதுகு வலி.

மே 7

அளக்க ஓர் அளவுகோல் வேண்டும்: சூட்டில் மாறவே மாறாத ஒரு மரபணு. அதோடு ஒப்பிட்டுத்தான் மற்றது ஏறியதா, இறங்கியதா என்று சொல்வோம். மூன்று வைப்பது நல்லது. செலவைப் பார்த்து ஒன்று போதும் என்றார் என் கைடு சார். எனக்கும் வேலை குறையும். இன்று பக்கத்து லேபில் மீந்த பிரைமர் கிடைத்தது, குறிப்பிட்ட மரபணுவைத் தேடிப் பிடிக்கும் டி.என்.ஏ. துணுக்கு; வேறு இரண்டு அளவுகோலுக்கானது. சும்மா போட்டுப் பார்த்தேன். அவை அசையவில்லை. என்னுடையது சூடுபட்ட ஈக்களில் இறங்கியிருக்கிறது. அது இறங்கினால் மற்றதெல்லாம் ஏறியதுபோலத் தெரியும். திரும்பவும் போட்டேன். அதே.

மே 8

லேப் சீனியர் முருகேசன் அண்ணனிடம் மட்டும் காட்டினேன்.

"இம்புட்டு தோண்டாதம்மா. குடுத்துட்டுப் போ. யாரு திருப்பிப் போட்டுப் பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனேண்ணே."

அண்ணன் டீ வாங்கித் தந்தார்.

உதவித்தொகை இந்த மாதத்தோடு சரி. போனில் அம்மா: "இந்த வருசமாச்சும் முடிச்சிருவியாடி?"

"பாக்குறேம்மா."

மே 9, வெள்ளி

சாரிடம் சொல்லிவிட்டேன். மாதக் கடைசியில் இந்த ஆறு மரபணுக்களின் வரைபடங்களைக் காட்டித்தான் அவர் ஒரு கருத்தரங்கில் பேச இருக்கிறார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எத்தன நிக்கும்?"

"தெரியல சார். எல்லாத்தையும் திரும்பப் போடணும்."

"போடு."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

மே 14

புது அளவுகோல் இரண்டையும் வைத்துக் கணக்கு. ஆறில் ஐந்து ஏறவே இல்லை. ஒன்று நிற்கிறது. ஒன்றே ஒன்று.

சார் தாளை வாங்கிப் பார்த்தார். "நிக்கிறத மட்டும் எழுது. என் பேச்சுலயும் மத்தத எடுத்துர்றேன். உனக்கு இன்னும் ஆறு மாசம் டைம் கேட்டு யுனிவர்சிட்டிக்கு லெட்டர் போடுறேன்."

பழைய படங்கள் ஐந்தையும் அத்தியாயத்திலிருந்து நீக்கினேன். அழுகை வரும் என்று நினைத்தேன். பசித்தது.