உன் லாக்கர் சாவி என்னிடம்தான் இருக்கிறது

அக்கா,

இன்று மத்தியானம் என் லைனில் ஒரு பெண் வலிப்பு வந்து விழுந்தாள். எளாவூரிலிருந்து வருகிறவள், சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. உடனே ஒருத்தி, "கையில இரும்பு குடுங்கடி" என்று கத்திக்கொண்டு சாவிக்கொத்தோடு ஓடி வந்தாள். அந்தச் சாவிச் சத்தம் கேட்டதும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. அவள் கையைத் தட்டிவிட்டேன். கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டேன். உனக்கு விழவேண்டிய அடி அது.

எட்டு வருஷத்துக்கு முன்னால், இதே சிப்காட்டில், காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் என்னைச் சேர்த்துவிட்டதே நீதான். புதுவாயலில் பக்கத்து வீடு என்பதால் எனக்கு வலிப்பு இருப்பது உனக்குத் தெரியும். 'நோய் ஏதாவது உண்டா' என்று படிவத்தில் கேட்டிருந்த இடத்தில் நான் தயங்கி நின்றபோது, "இல்லன்னு எழுதுடி. உண்டுன்னு எழுதினா கேட்டோட அனுப்பிடுவானுங்க" என்றாய். உன் பேனாவால்தான் எழுதினேன். கேண்டீனில் தினமும், "மாத்திர போட்டுக்கினியா?" என்று கேட்பாய். அது பாசம் என்று நினைத்தேன். பாசமாகவும் இருந்திருக்கும். அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

ஆர்டர் அவசரம் என்று லைன் லீடராக நீ கேட்டாய். இரண்டு நாள் தொடர்ந்து டபுள் ஷிப்டு பார்த்தேன். தூக்கம் கெட்டால் எனக்கு ஆகாது என்று தெரிந்துதான் கேட்டாய். மூன்றாம் நாள் காலையில் விழுந்தேன். நினைவு வந்தபோது என் கைக்குள் உன் சாவிக்கொத்து இருந்தது. ஆளாளுக்குப் பிடித்து அமுக்கியதில் தோள்பட்டை ஒரு மாதம் வலித்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று மேனேஜர் உன்னைக் கேட்டார். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்கு இன்னா சார் தெரியும்? மறைச்சுக்கினு வேலை செஞ்சிருக்கா."

அன்றோடு வேலை போயிற்று. சாவிக்கொத்து என் கையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. மத்தியானம் நீ லாக்கர் பூட்டை உடைத்துத்தான் சாப்பாட்டை எடுத்தாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்போது எனக்கு இருந்த ஒரே சந்தோஷம் அது.

தெருவில் என்னைக் காக்கா வலிப்புக்காரி என்று சொல்ல ஆரம்பித்ததும் மீஞ்சூருக்கு வீடு மாற்றினோம். அப்புறம் மூன்று கம்பெனிப் படிவத்தில் 'உண்டு' என்று எழுதினேன். நீ சொன்ன மாதிரியே கேட்டோடு அனுப்பினார்கள். நாலாவது கம்பெனி, பகல் ஷிப்டு மட்டும் என்று எடுத்துக்கொண்டது. இப்போது நானும் லைன் லீடர். இந்த யூனிஃபார்மோடு உன் வாசலில் வந்து நின்று, "உனக்குத் தெரியாதாக்கா?" என்று கேட்கத்தான் காத்திருந்தேன். போன வருஷம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டாய். சாவுக்கு நான் வரவில்லை. பதில் சொல்ல முடியாதவளிடம் வந்து என்ன கேட்பது?

இன்று அந்தப் பெண்ணை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். என் யூனிஃபார்ம் கோட்டை மடித்துத் தலைக்கு அடியில் வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிடத்தில் அடங்கிவிட்டது. அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"தெரியும் சார். ஃபார்ம்ல உண்டுன்னு எழுத வெச்சதே நான்தான். எனக்கு இருக்கிறதுதான் அவளுக்கும். ரெஸ்ட் எடுத்துக்கினு நாளன்னிக்கு வேலைக்கு வருவா."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். லைன் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன். உனக்குக் கேட்கவில்லையே என்றுதான் ஆறவில்லை.

உன் சாவிக்கொத்து என் மாத்திரை டப்பாவில் கிடக்கிறது. காலையும் இரவும் டப்பாவைத் திறக்கும்போது கையில் தட்டுப்படும். இந்த எட்டு வருஷத்தில் ஒரு வேளை மாத்திரைகூடத் தவறியதில்லை அக்கா. உன்மேல் கோபமும்தான்.