காணிக்காரரின் அனுமதியுடன்

04.08.2024, ஞாயிறு

சிறுபோக நெல் வெட்டுக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. இவர் விடிய வயலுக்குப் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வருகிறார்.

தம்பி செந்தூரன் கனடாவிலிருந்து வந்து பத்து நாள். இன்று சூட்கேசின் அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தான். பச்சை இரும்பு, கொளுவி மூடுகிற மூடி. துவக்குத் தோட்டா வைக்கிற பெட்டி! அங்கே பழைய ஆமிச் சாமான் விற்கிற கடையில் யாரும் வாங்கலாமாம். உள்ளே சொக்கிலேற் அடைத்து கொண்டுவந்திருக்கிறான்.

பெட்டியை எங்காவது ஒளித்துவைத்து, இடத்தின் எண்களை இணையத்தில் போடுவார்களாம். தெரியாத ஆட்கள் போனைப் பார்த்துத் தேடி வந்து, உள்ளே இருக்கிற கொப்பியில் பெயர் எழுதிவிட்டுப் போவார்களாம். வேறொன்றும் இல்லை. வளர்ந்த ஆட்கள் விளையாடுகிற விளையாட்டு.

"எல்லாத்துக்கும் விதி இருக்கக்கா. கிடங்கு வெட்டிப் புதைக்கக் கூடாது. காணிக்காரரைக் கேக்காமல் வைக்கக் கூடாது."

"என்ன விதியோ. முதல் அந்தச் சாமானை என்ரை வீட்டை விட்டு எடு" என்றேன்.

06.08.2024

வைத்துவிட்டானாம். எங்கள் வயலின் முடிவில், வாய்க்கால் கரை மருதமர வேருக்குள். மேலே மண் போட்டு மூடியும் விட்டானாம்.

"புதைக்கக் கூடாதெண்டு சொன்னாய்?"

"நான் எங்கை வெட்டினனான்? அது உடும்பு வெட்டின பொந்து. ஏற்கெனவே இருந்த ஓட்டைக்குள்ள வைச்சா புதைச்சதெண்டு கணக்கில்லை."

சிரிப்பு வந்தது. சின்ன வயதிலும் இப்படித்தான். மாங்காய் பிடுங்கவில்லை, கொப்பு தானாகக் கையில் வந்தது என்பான்.

18.08.2024

தம்பி இன்று போய்விட்டான். வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

21.08.2024, புதன்

 நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

வாய்க்கால் துப்புரவாக்க வந்த பெக்கோ மிசின் மருதமர வேரோடு அந்தப் பெட்டியையும் கிளறி எடுத்துவிட்டது. பச்சைப் பெட்டியைக் கண்டதும் ட்ரைவர் மிசினை அப்படியே விட்டுவிட்டுக் குதித்து ஓடினானாம். அவனில் என்ன பிழை? இந்த மண்ணில் அதைக் கண்டு ஓடாதவன் யார்?

பொலிஸும் ஆமியும் வந்து, எங்கள் ஒழுங்கை ஆட்களையெல்லாம் வெளியேற்றித் தூரத்தில் நிற்பாட்டினார்கள். பெட்டிக்குள் பென்சில், கொப்பி, கனடாக் கொடி போட்ட திறப்பு கோர்க்கிற கீ-செயின் மூன்று. கொப்பியில் விளங்காத எண்கள். யாருடைய வயல் என்று கேட்டார்கள். இவர் முன்னுக்குப் போய் "என்ரை" என்றார். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு போனில் யாருடனோ கதைத்தார்கள். இயக்கத்தில் இருந்து, சண்டை முடியப் புனர்வாழ்வு எடுத்த ஆள் என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஜீப்பில் ஏற்றினார்கள்.

இரண்டு வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்து, பதின்மூன்று வருடமாக ஒருவர் வழிக்கும் போகாத மனிசன்.

22.08.2024

தம்பிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "பயப்பிடாதையக்கா. அந்தப் பெட்டிக்கு இணையத்திலை ஒரு பக்கம் இருக்கு. அதைக் காட்டு, விளையாட்டெண்டு விளங்கிடும், விட்டிடுவினம்" என்றான். முழுக்க ஆங்கிலத்தில் இருந்த அந்தப் பக்கத்தை அனுப்பியும் விட்டான்.

கொமினிகேஷன் கடையில் பிரதி எடுத்து, ஓடிப்போய் என் கையாலேயே பொலிஸில் கொடுத்தேன். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் முழுவதையும் ஆறுதலாக வாசித்தார். கடைசிக்கு வந்து நிமிர்ந்து பார்த்தார்.

"இதில உங்கட மனுசன்ட பேர் இருக்குத்தானே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொடுக்குமுன் கடைசிவரை யாரிடமாவது வாசிக்கக் கொடுத்திருக்கக் கூடாதா? மடைச்சி. மடைச்சி.

23.08.2024

கோட்டில் பதினான்கு நாள் விளக்கமறியல் போட்டு, சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

எங்களுக்காக வந்த லோயர் கஜனி நல்ல பிள்ளை. அந்தப் பக்கத்தை வரி வரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினா. கடைசி வரி இது: "காணிக்காரர் திரு. குகதாசன் அனுமதி தந்துள்ளார். பெட்டியை அவரே பராமரிப்பார்."

பராமரிப்பாராம்!

வெளிநாட்டில் இருக்கிற ஆள் பெட்டி வைத்தால், அதைப் போய்ப் பார்க்க ஊரில் ஒருவர் இருக்கவேண்டும் என்பதும் அவர்களின் விதியாம். அதற்காக இவருடைய பெயரைப் போட்டிருக்கிறான். இவரிடம் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

"அக்கா, இதைப் பார்த்தா இவருக்கு எல்லாம் தெரியும் எண்டுதான் வரும். வைச்சவர் சத்தியக் கடதாசி தரோணும். தான்தான் வைச்சது, இவருக்கு என்ன பெட்டியெண்டே தெரியாதெண்டு."

25.08.2024

தம்பியோடு ஒரு மணித்தியாலம் சண்டை.

"அத்தானைக் கேட்டனான்தானே. ஓம் எண்டவர்."

"என்னெண்டு கேட்டனீ?"

"கரையிலை ஒரு பெட்டி வைக்கட்டோ எண்டு."

"என்ன பெட்டியெண்டு சொன்னியோ?"

 மெல்ல வேறு கதை தொடங்கினான். அனுமதி இல்லாமல் வைத்ததாக எழுதிக் கொடுத்தால், அந்த விளையாட்டை நடத்துகிறவர்கள் அங்கே அவன் வைத்த இருநூற்றுச் சொச்சம் பெட்டியையும் இணையத்திலிருந்து தூக்கிவிடுவார்களாம். பன்னிரண்டு வருட உழைப்பாம். அதோடு இனி கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினால் தன்னையும் பிடிப்பார்களாம்.

உழைப்பு! வேருக்குள் பெட்டி ஒளிக்கிறது உழைப்பு. இந்த மனிசன் வரம்பில் முறிகிறது என்னவாம்?

போனை வைத்துவிட்டேன். இன்னும் கதைத்திருந்தால் நல்ல வார்த்தை வந்திருக்காது.

28.08.2024

தம்பி போன் எடுக்கவில்லை. இணையப் பக்கத்தையும் அழித்துவிட்டான். இனி அது விளையாட்டு என்பதற்குக் கூட நான் எடுத்த பிரதி மட்டும்தான் சாட்சி.

01.09.2024

மறியலில் போய்ப் பார்த்தேன். தாடி வளர்ந்துவிட்டது. சுகம் கேட்கமுன் நெல்லைக் கேட்டார். பக்கத்து வயல் வினோதன் மிசின் கொண்டுவந்து வெட்டித் தந்ததைச் சொன்னேன்.

"நீங்கள் ஏனப்பா அவனுக்கு ஓமெண்டனீங்கள்?"

"நான் ட்ரக்டரிலை நிண்டனான். அவன் கையைக் காட்டி ஏதோ கேட்டவன், நான் தலையை ஆட்டினனான். பத்து வரியத்துக்குப் பிறகு வந்து நிக்கிற மச்சானுக்கு இல்லையெண்டோ சொல்லுறது?"

உலகத்தில் எந்த விதி எழுதினவனுக்கு இது விளங்கும்? வந்த விருந்தாளி எதைக் கேட்டாலும் ஓம் என்பதுதான் எங்கள் வழக்கம். அந்த ஓமைக் கொண்டுபோய் ஆங்கிலத்தில் அனுமதி என்று எழுதிவிட்டான். எழுதினவன் வெளியே, தலையாட்டினவன் உள்ளே.

இவருக்கு அவனில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். "பாவம், தெரியாமல் செய்திட்டான்" என்கிறார். தெரியாமலா? உடும்புப் பொந்துக்கு நியாயம் தெரிந்தவனுக்கு இது தெரியாதா?

06.09.2024

மறியல் இன்னும் பதினான்கு நாள்.

தம்பிக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பினேன். "இந்தக் கிழமைக்குள்ள கடதாசி வராட்டி எனக்குத் தம்பியெண்டு ஒருத்தன் இல்லை. நான் செத்தாலும் வராதை." அவ்வளவுதான். அழவில்லை. அனுப்பிய பிறகுதான் அழுதேன்.

12.09.2024

கடதாசி வந்துவிட்டது, அங்கத்தைய சட்டத்தரணியின் முத்திரையுடன். தான் வைத்ததாகவும், குகதாசனுக்கு என்ன பெட்டியென்று சொல்லவில்லை என்றும், பராமரிப்புக்கு அவரிடம் கேட்கவேயில்லை என்றும் இருக்கிறது. எனக்கு ஒரு வரி கூட எழுதவில்லை.

எழுதாவிட்டால் போகட்டும்.

20.09.2024, வெள்ளி

பிணையில் விட்டார்கள். வழக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பொலிஸில் கையெழுத்து வைக்கவேண்டும். வீட்டுக்கு வந்ததும் கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் குளித்தார்.

09.02.2025, ஞாயிறு

ஐந்து மாதத்துக்குப் பிறகு தம்பியிடமிருந்து கடிதம். மன்னிப்புக் கேட்டிருக்கிறான். வாசித்துக்கொண்டு போக மனம் கொஞ்சம் இளகியது, உண்மை. இரண்டாம் தாளைப் பார்க்கும்வரை.

அடுத்த வருடம் ஒரு சிநேகிதன் வருகிறானாம். இந்த முறை உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் போத்தல்தானாம், மண்ணே தொடாதாம், மரக்கொப்பில் தொங்குமாம். எல்லாம் விதிப்படி. காணிக்காரரின் அனுமதி மட்டும் எழுத்தில் வேண்டுமாம். அதற்கென்று ஆங்கிலத்தில் ஒரு படிவம். கையெழுத்துக்கு நேரே பென்சிலால் சின்னப் புள்ளடி அடையாளமும் போட்டு அனுப்பியிருக்கிறான்.

ஆத்திரத்தில் அந்தத் தாளை மேசையில் எறிந்துவிட்டுக் குசினிக்குள் போனேன். அந்த நேரம் பார்த்து இவர் பொலிஸில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். சைக்கிளைச் சாத்தினார், கதிரையில் இருந்தார், தாளைக் கண்டார். என்ன கடதாசி என்று கேட்கவில்லை. யார் தந்தது என்று கேட்கவில்லை. சேட்டுப் பையிலிருந்து பேனையை எடுத்துத் திறந்தார்.

"எவடத்திலை வைக்கோணும்?" என்றார்.

தாளைப் பறித்து அடுப்புக்குள் போட்டேன். இவர் இன்னும் பேனையோடுதான் இருக்கிறார்.