யாரும் அந்தக் கதவைத் தட்டக் கூடாது

மார்ச் 3

இன்று முதல் நான் தலைவர். உலகத்துக்கு இல்லை, எங்கள் தெருவின் பாராட்டு விழாக் குழுவுக்கு. உலகம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும். தையல் கடையில் கூட்டம். வந்தவர்கள் ஏழு பேர், எழுதும்போது எழுநூறு.

விழா என் அக்காவுக்கும் அத்தானுக்கும். அக்கா ஓய்வுபெற்ற நர்ஸ். அத்தான் எலக்ட்ரீஷியன். இந்தத் தெருவில் அக்கா ஊசி போடாத உடம்பும் இல்லை, அத்தான் திருகாத சுவிட்சும் இல்லை. நடுராத்திரியில் தட்டினாலும் முகம் சுளித்ததில்லை. 23ஆம் தேதி ஞாயிறு விழா. அதுவரை பரம ரகசியம். கூடவே ஓர் அரச கட்டளையும் பிறப்பித்தேன்: விழா முடியும்வரை யாரும் அந்தக் கதவைத் தட்டக் கூடாது. அவர்கள் ஓயட்டும்.

கை தட்டினார்கள். எழுநூறு பேரும்.

மார்ச் 6

கட்டளை கொடிகட்டிப் பறக்கிறது. இஸ்திரிக்காரர் வீட்டில் ஃபியூஸ் போய், குடும்பமே இருட்டில் சாப்பிட்டதாம். தையல்காரரின் மாமியார் காலில் கத்தரிக்கோல் விழுந்துவிட்டது. மருமகனே கட்டுப் போட்டாராம்.

"எப்படிய்யா கட்டின?"

"சட்டைக்குக் கை வைக்கிற மாதிரிதான் தலைவரே."

தியாகம் என்றால் இதுதான்.

மார்ச் 10

அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் மடியில் கருவிப் பையை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தார். மிக்ஸி நன்றாகத்தான் ஓடியதாம். அதைக் கழற்றித் திரும்ப மாட்டியிருக்கிறார்.

"ஏண்டா, தெருவுல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையா?" என்றாள் அக்கா.

"எல்லாரும் கல்லு மாதிரி இருக்காங்கக்கா."

"தையல்காரர் மாமியார் கட்டோட போறாங்க. யார் கட்டினதோ, பிரிஞ்சு தொங்குது. கூப்பிட்டேன். காது கேக்காத மாதிரி வேகமா போயிட்டாங்க."

சிரித்து மழுப்பினேன். 

மார்ச் 13

அக்கா மகள் ஃபோன் செய்தாள், துள்ளிக்கொண்டு.

"மாமா! அம்மாவும் அப்பாவும் என்கூடவே இருக்க வர்றாங்க. எத்தனை வருஷமா கெஞ்சறேன்! இருபத்திரெண்டாம் தேதி ரயில்."

"விசிட்டுக்குத்தானே?"

"இல்ல மாமா. ஒரேயடியா. இனிமே இங்க நமக்கு என்ன வேலைன்னு அம்மாவே கேட்டாங்க."

இருபத்திரண்டு. விழாவுக்கு முந்தின நாள். ஐயோ. ரகசியத்தைப் போட்டு உடைக்கவா? உடைத்தால் விழா போச்சு. உடைக்காவிட்டால் அக்காவே போச்சு. பாராட்டப் போய் ஊரைவிட்டே விரட்டிய ஒரே தலைவன், சரித்திரத்தில் நானாகத்தான் இருப்பேன்.

மார்ச் 14

தூங்கவில்லை. காலையில் வீடு வீடாக ஓடிக் கட்டளையை ரத்து செய்தேன். "போங்க, தட்டுங்க, உடனே தட்டுங்க!"

மார்ச் 15

தட்டிவிட்டார்கள். எல்லோரும் ஒரே காலையில்! ஃபியூஸ், ஃபேன், இருமல், சுளுக்கு - வாசலிலிருந்து முனை வரைக்கும் வரிசை. ஒன்றுமே இல்லாத பால்காரர்கூட, தலைவர் சொல்லிவிட்டாரே என்று பிரஷர் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார்.

மாலையில் அக்கா வரச் சொன்னாள்.

"நீதான் அனுப்பினியா?"



"பாவம் கிழவி, சும்மா இருக்கான்னு பிச்சை போட்டீங்களா?" இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "கை நடுங்குதுன்னு யாராவது சொன்னாங்களா? பாரு. நடுங்குதா?"

அசையவில்லை அந்தக் கைகள். நடுங்கியது நான்தான். விழா, மைக், கட்டளை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பா? தெரியவில்லை.

அக்கா சிரிக்கவில்லை. "தையல்காரர் மாமியார் கால்ல சீழ் வச்சிடுச்சு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா விரலே போயிருக்கும். உன் விழாவுக்காகவாடா?"

பெட்டிகள் கூடத்தில் இருந்தன. ரயிலைப் பற்றிக் கேட்க எனக்கு எந்த மூஞ்சி இருக்கிறது?

மார்ச் 19

பெட்டிகள் அங்கேயேதான். கேட்கவில்லை. 

மார்ச் 22

ரயில் நேரம் தாண்டும்வரை தையல் கடையில் உட்கார்ந்து, அவர்கள் வாசலையே பார்த்தேன். ஆட்டோ வரவில்லை. ஒருவேளை நான் கண் சிமிட்டியபோது வந்து போயிருந்தால்? கண் சிமிட்டவே இல்லையே!

மார்ச் 23

விழா நடந்தது. முன்வரிசையில் இரண்டு நாற்காலி காலி. பத்துப் பக்கம் எழுதி வைத்திருந்தேன், கடலையும் மலையையும் துணைக்குக் கூப்பிட்டு. முதல் பக்கத்திலேயே மைக் செத்தது. கூட்டத்தின் பின்னாலிருந்து அத்தான் வந்தார், டெஸ்டரோடு. ஏதோ செய்தார், மைக் உயிர் பெற்றது. அப்படியே திரும்பிப் போகப் பார்த்தவரை நாலு பேர் பிடித்து உட்கார வைத்தோம்.

அக்கா கடைசியில் வந்தாள், தையல்காரர் வீட்டிலிருந்து நேராக. கையில் டெட்டால் வாசனை. கேடயத்தை வாங்கிக்கொண்டு என் காதில், "பக்கத்தை மூடு. வெயில்ல குழந்தைங்க மயங்கிடும்" என்றாள். மூடினேன்.

மார்ச் 24

அக்கா மகள் ஃபோன் செய்தாள். இந்தத் தடவை துள்ளல் இல்லை.

"வரலைன்னுட்டாங்க மாமா. யாரோ ஒரு அம்மாவுக்குக் கால் புண்ணாம். அது ஆறணுமாம். எப்ப மாமா ஆறும்?"

"பயங்கரமான புண்ணும்மா. ஒரு இருபது வருஷம் ஆகும்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். 

"அவங்க ரூமுக்கு ஃபேன்கூட மாட்டி வச்சிட்டேன் மாமா" என்றாள்.