விதவை, காந்தல்

பிப்ரவரி 6, வியாழன்

அலீனா அழைப்பிதழ் கொடுத்தாள். காந்தலில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒன்றரை வருடமாக வாடகைக்கு இருக்கிறாள். ஓவேலி ஊர்ப் பெண், ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம். சனிக்கிழமை மாணவர் கண்காட்சி. டிசம்பரில் சாயங்காலங்களில் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து வரைந்த படமும் உண்டாம். "அங்கிளையும் கூட்டிட்டு வரணும் ஆன்ட்டி."

இவர் அருவங்காடு ஃபேக்டரியிலிருந்து வந்ததும் சொன்னேன். தலையை ஆட்டினார். வருவதற்கா, கேட்டதற்கா, தெரியவில்லை.

பிப்ரவரி 7

சத்துணவுக் கூடத்தில் சமையல் செய்யும் மருதாம்பாளிடம் பெருமை அடித்துவிட்டேன். அவளும் வருகிறாளாம்.

பிப்ரவரி 8, சனி

மனசு ஆறவில்லை.

இவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மேலே கோட்டு. உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில் நான்தான். என் சாம்பல் சால்வை, என் மூக்கு, கன்னத்து மருகூட விடவில்லை. ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தேன். ஒரு நிமிஷம்தான். மருதாம்பாள் கீழே இருந்த அட்டையை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள்: "விதவை, காந்தல்."

இவர் என் பக்கத்தில்தான் நிற்கிறார்.

அலீனாவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "அது நீங்க இல்ல ஆன்ட்டி. அது ஒரு ஃபீலிங்" என்றாள். மாற்றச் சொன்னேன். "புக்லெட்ல அச்சாயிடுச்சே." அவளுடைய சார் வந்து, கலையில் இதெல்லாம் சகஜம் என்றார். யாருக்கு சகஜம்?

இவர் அங்கேயும் பேசவில்லை, பஸ்ஸிலும் பேசவில்லை. கோபமாகவாவது ஒரு வார்த்தை — உசுரோட நிக்கிற மனுசனுக்குக் கோபங்கூட வராதா?

பிப்ரவரி 9, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும் உபதேசியார் மனுவேல் ஓடி வந்து இவரைப் பற்றிக் கேட்டார். "தனசிங்குக்கு என்னம்மா ஆச்சு? எனக்கு யாருமே தகவல் சொல்லலீங்களே." யாரோ அந்தப் படத்தை அட்டையோடு எடுத்து போனில் அனுப்பியிருக்கிறார்கள். இவர் நாலடி தள்ளி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "நல்லா இருக்கறேனுங்க" என்றார். அவ்வளவுதான்.

அலீனாவுக்குச் சாப்பாடு வைக்கவில்லை. அப்புறம் வைத்தேன்.

பிப்ரவரி 11

எழுதக் கூச்சமாக இருக்கிறது. அட்டைதான் பொய். முகம் பொய் இல்லை. அப்படித்தான் உட்கார்ந்திருந்தேனா? தினமுமா? இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறவர் பார்க்காததை, வாடகைக்கு வந்த பெண் பார்த்துவிட்டாள். எனக்கு யார்மேல கோபம்? அதுவே புரிய மாட்டேங்குது.

பிப்ரவரி 12

சோறு, தூக்கம், ஃபேக்டரி. இன்றும் பேச்சில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

கண்காட்சிக்கு இன்று கடைசி நாள். ஐந்து மணிக்கு அலீனா வந்து சமையலறை வாசலில் நின்றாள். அழுதிருந்தாள்.

"அங்கிள் இன்னைக்கு காலேஜுக்கு வந்திருந்தாங்க, ஆன்ட்டி."

லீவு போட்டிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. பத்து மணியிலிருந்து என் படத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். சார் நாற்காலி போட்டும் உட்காரவில்லை. பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும், "இவங்க பேரு ஜெஸிந்தாங்க. நான் இவங்க ஊட்டுக்காரன்" என்று சொல்லியிருக்கிறார். மூடும்வரை.

வீட்டில் என்னோடு பேசாத மனிதர்.

அட்டையைக் கழற்றிவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். சரி என்றேன்.

இவர் வழக்கமான நேரத்துக்கு, வேலைக்குப் போய் வந்தவர் போலவே வந்தார். நானும் கேட்கவில்லை. சாப்பிடும்போது அவராகத்தான் ஆரம்பித்தார்.

"இன்னைக்குப் பூராவும் அந்தப் படத்தைத்தான் பாத்துட்டிருந்தேன். சன்னல் வழியா எதைப் பாக்கற நீ?"

"உங்க ஃபேக்டரி பஸ் வருதான்னுதான்" என்றேன்.