கறுக்காத பாட்டில்

சாம்பல் நிறம் எந்த இடத்தில் கறுப்பாகிறது? இருபது வருடங்களுக்கும் மேலாக நுண்ணுயிரியல் கற்பிக்கிறேன், இதற்கு என்னிடம் பதில் இல்லை. உன்னிடம் இருந்தது. கேட்பதற்கு நீ இல்லை.

தண்ணீரைச் சோதிக்கும் அந்தச் சிறிய கண்ணாடிப் பாட்டில் மேசைமேல் இருக்கிறது. நேற்று மதியம் நிரப்பியது. தண்ணீரில் மலக்கிருமி இருந்தால் இரண்டு நாளுக்குள் கறுக்கும், இல்லையென்றால் வெளிர் மஞ்சளாகவே நிற்கும். பாட்டிலோடு வந்த அட்டையில் அவ்வளவுதான் போட்டிருக்கிறது. இது இப்போது சாம்பலாக நிற்கிறது, சாம்பலைப் பற்றி ஒரு வரி கிடையாது. சற்று முன் மூடியைத் திறந்து முகர்ந்தேன். திறக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்பவளே நான்தான். லேசாக அழுகிய முட்டை வாடை, கறுக்கிற பாட்டிலில் வருவது. உண்மையிலேயே வருகிறதா, என் பயத்தில் வருகிறதா என்று தெரியவில்லை.

கிருமி வளரச் சூடு வேண்டும், சாரல் காலக் குளிரில் இந்தப் பாட்டில்கள் மந்தமாகிவிடும். கல்லூரியிலிருந்து நாம் இருவரும் ஊர்க் கிணறுகளைச் சோதித்து வந்த நாட்களில் நீ அதற்கு ஒரு வழி வைத்திருந்தாய். பழைய வாயில் சேலையில் தைத்த பைக்குள் பாட்டிலைப் போட்டு இடுப்பில் செருகிக்கொள்வாய். குற்றாலத்திலிருந்து கல்லூரிக்கு வரும் பேருந்தில், அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு ஏறுகிற கூட்டத்தின் நடுவே, ஒரு கையால் அதைப் பொத்திக்கொண்டு நிற்பாய். இதெல்லாம் ஒரு முறையா, உன் உடம்புச் சூடு என்ன நிலையானதா என்று நான் கேட்பேன்.

"ஏட்டி, ஒன் இன்குபேட்டரு கரண்டு போனா செத்துரும். இது நான் செத்தாத்தான் ஆறும்" என்பாய்.

அப்போது நானும் சிரித்திருக்கிறேன்.

சாம்பல் பாட்டில் வரும்போதெல்லாம் நமக்குள் சண்டைதான். "உறுதியில்லை, மறுசோதனை தேவை" என்று நான் எழுதச் சொல்வேன். நீ பாட்டிலை என் முகத்துக்கு நேராக நீட்டி, "இந்தத் தண்ணிய நீ குடிப்பியாட்டி?" என்று கேட்பாய். அது எனக்கு எரிச்சலூட்டும். நான் குடிப்பதற்கும் பாட்டிலின் நிறத்துக்கும் என்ன தொடர்பு? விருப்பத்தையும் பயத்தையும் உள்ளே விட்டால் அது எப்படி அளவீடாகும்? இதை நான் இன்றும் முழுதாக விட்டுவிடவில்லை.

பாவூர்சத்திரம் போகிற ரோட்டோரத் தெருவின் கிணறு உனக்கு மறந்திருக்காது. சாம்பலைப் பார்த்த அன்றே நீ போய், யாரும் அந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாய். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பம்ப்செட்டுக்குப் பெண்கள் குடத்தோடு போனார்கள். மூன்றாம் நாள், சந்தைக்குத் தக்காளி ஏற்றிப் போன டெம்போ, குடத்தோடு ரோட்டைத் தாண்டிய அந்தத் தெருப் பேச்சியம்மாளைத் தட்டியது. கால் முறிந்தது. அதற்கு மறுநாள் லேப் அறிக்கை வந்தது. கிணற்றுத் தண்ணீரில் எந்தக் குறையும் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து நான் உன்னிடம் சொன்னேன்: "பாட்டில் கறுக்கல. நீதான் கறுப்பாக்குன."

நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். பிறகு, "நல்ல தண்ணின்னு எழுதி அது தப்பாப் போயிருந்தா, அது யாரு தலையில விழும்? நீயும் ஒரு பக்கம் சாஞ்சுதான் எழுதுத. ஒனக்கு அது தெரியல" என்றாய். இடுப்பிலிருந்து பையை எடுத்து என் கையில் வைத்தாய். "இனிமே நீயே பாத்துக்க."

அதன் பிறகு நீ எந்தக் கிணற்றுக்கும் வரவில்லை. கல்லூரியில் பார்த்துக்கொள்வோம், டீ குடிப்போம், தேர்வுத்தாள் பற்றிப் பேசுவோம். இதைப் பற்றி மட்டும் பேசவில்லை. போன வருடம் மாரடைப்பில் ஒரே காலையில் போய்விட்டாய். ஆஸ்பத்திரியில் சொன்ன அந்த வாக்கியத்தை நான் திரும்பப் பெறவே இல்லை.

நீ இதை விட்ட பிறகு வந்த எல்லாச் சாம்பலுக்கும் நான் "உறுதியில்லை" என்றே எழுதியிருக்கிறேன். நிதானமானவள் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். எந்தத் தெருவுக்காவது திரும்பிப் போய், யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்ததா என்று கேட்டிருக்கிறேனா? இல்லை. உன் தவறு ஊன்றுகோலோடு தெருவில் நடக்கிறது. என் தவறுகள் என் கண்ணில் படாத இடத்தில் நடந்திருக்கலாம்.

இப்போது மேசைமேல் இருப்பது அதே கிணற்றுத் தண்ணீர். நேற்று மொண்டு எடுக்கும்போது பேச்சியம்மாள் கிணற்றடியில் நின்றாள். "என்ன டீச்சர், மறுபடியும் பாட்டிலத் தூக்கிட்டு வந்துட்டிய? இன்னொரு காலு மிச்சமிருக்குன்னா?" சிரித்தபடிதான் கேட்டாள். அவள் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். குழந்தைக்கு ஒரு மாதம். தாய்ப்பால் போதாமல், இந்தத் தண்ணீரை லேசாகச் சூடுபடுத்தி அதில்தான் பால் பவுடரைக் கரைக்கிறார்கள்.

லேப் அறிக்கை வர நான்கு நாள் ஆகும். வேண்டாம் என்று சொல்லி, மறுபடி நல்ல தண்ணீர் என்று வந்தால் அந்தத் தெரு இனி எந்தச் சோதனையையும் நம்பாது. கொதிக்கவைக்கச் சொன்னாலும் அவர்கள் காதில் கெட்ட தண்ணீர் என்றுதான் விழும், மறுபடி ரோட்டைத் தாண்டுவார்கள். சொல்லாமல் இருந்தால், அந்தக் குழந்தை. எந்தப் பாடமும் இங்கே எனக்கு உதவவில்லை. நான் என்ன செய்யட்டும்? நீ ஒரு வார்த்தை சொல்லேன். திட்டவாவது செய்யேன்.

உன் பையை அலமாரியிலிருந்து எடுத்திருக்கிறேன். பாட்டிலை அதில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டேன். கண்ணாடி குளிர்ந்து கிடக்கிறது.

நேற்று இத்துடன் நிறுத்தியிருந்தேன். இன்று நடந்தது இது.

காலை பத்து மணிக்கு அந்தத் தெருவுக்குப் போனேன். பேச்சியம்மாள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாட்டிலை எடுத்துக் காட்டினேன். கறுக்கவும் இல்லை, மஞ்சளாகவும் நிற்கவில்லை, எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். தெரியவில்லை என்று ஒரு தெருவில் நின்று சொல்வது இதுவே முதல் தடவை.

அவள் உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினாள். "அந்தப் பாட்டிலு கெடக்கட்டும். நீங்க இதக் குடிப்பியளா டீச்சர்?"

வாங்கினேன். வாய்வரை கொண்டுபோனேன். அதற்குமேல் கை போகவில்லை.

பேச்சியம்மாள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டம்ளரை வாங்கி முருங்கை மரத்து மூட்டில் ஊற்றினாள். உள்ளே திரும்பி, "ஏட்டி, பிள்ளைக்குக் கரைக்காத. தளதளன்னு கொதிக்க வையி" என்று சத்தம் போட்டாள். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டிலும் சொல்லப் போனாள்.

மதியம் நாற்பத்தெட்டு மணி நேரம் முடிந்தபோது பாட்டில் சாம்பலாகத்தான் இருந்தது. கிணற்றிலிருந்து இன்னொன்றை நிரப்பி, உன் பையில் போட்டு, இடுப்பில் செருகி, ஒரு கையால் பொத்திக்கொண்டு பேருந்து ஏறினேன்.