ஓர் உறுப்பினர்

பிப்ரவரி 10, செவ்வாய்

பேச்சு எண் 61. கொடுத்த நேரம் மூன்று நிமிடம். கிடைத்தது இரண்டு நிமிடம் பத்து விநாடி. மீதி ஐம்பது விநாடியை, என்னை உட்காரச் சொல்லியே அவைத்தலைவர் செலவழித்துவிட்டார்.

மறுபடியும் ஆஸ்பத்திரிப் பாலம்தான். ஐந்தாவது முறை. பஸ் நிலையத்திலிருந்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போக, கால்வாய்க்கு மேலே ஒரு நடைபாலம். நாற்பது மீட்டர் நீளம். எதிரே ஆள் வந்தால் ஒருக்களித்து நின்று வழிவிட வேண்டும். நாலு வருஷத்துக்கு முன் வந்த வெள்ளம் இரண்டு பக்கக் கைப்பிடியையும் அடித்துக்கொண்டு போனது. போனது போனதுதான். நோயாளிகள் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு வைத்தியம் பார்க்கப் போகிறார்கள்.

பொதுப்பணி அமைச்சரின் பதிலும் ஐந்தாவது முறை. "அவ்விடத்தில் ஒருங்கிணைந்த புதிய பாலத் திட்டம் பரிசீலனையில் இருப்பதால், பழைய பாலத்தைப் பழுதுபார்க்கும் அவசியம் எழவில்லை." நான் ஐந்து விதமாகக் கேட்டிருக்கிறேன். ஒரே காகிதத்தை ஐந்து முறை வாசிக்க அந்த மனிதருக்குக் கூச்சமே இல்லை.

வாசித்து முடித்ததும் ஆளுங்கட்சி வரிசையில் பக்கத்துத் தொகுதிக்காரர் மேஜையைத் தட்டினார். அவர் எதற்கும் தட்டுவார். ஒருமுறை இரங்கல் தீர்மானத்துக்கே தட்டிவிட்டார். நாலு வருஷத்தில் அவர் வாயைத் திறந்து நான் பார்த்தது கேண்டீனில் மட்டும்தான். மேஜைத்தட்டி என்று நான் வைத்த பெயர் இப்போது அவர் கட்சியிலேயே புழங்குகிறது. என் நாலு வருஷச் சாதனை இது ஒன்றுதானோ என்னவோ.

பிப்ரவரி 11, புதன்

நேற்றைய பேச்சின் அவைக்குறிப்பு வரைவு வந்தது. மூன்று வேலை நாளுக்குள் திருத்திக் கொடுக்கலாம். நான் பதினொரு திருத்தம் போட்டேன். குறிப்புப் பிரிவின் சுருக்கெழுத்து அம்மா நாலை ஏற்றார், மற்ற ஏழையும் அடித்தார். "சார், நீங்க பேசினதைவிட திருத்தினது நல்லாத்தான் இருக்கு. ஆனா பேசினதைத்தான் போட முடியும்." இருபது வருஷ சர்வீஸ். சிரிப்பு என்பது அந்த முகத்தில் கிடையாது.

பேச்சுகளை எல்லாம் பைண்டு போட்டு வைத்திருக்கிறேன், நாலு தடிப் புத்தகம். விடுதி அறை அலமாரியில் புடவை வைக்க இடமில்லை என்று மனைவிக்குக் கோபம். "இதையெல்லாம் வரிசையா அடுக்கினா அந்தப் பாலத்துக்குக் கைப்பிடிச் சுவரே எழுப்பிடலாம்" என்கிறாள். நியாயமான பேச்சு.

வழக்கம்போல அக்காவுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அக்கா அந்த ஆஸ்பத்திரியில்தான் நர்ஸ். தினமும் இரண்டு தடவை அந்தப் பாலத்தைத் தாண்டுகிறாள். நான் அனுப்பும் அவைக்குறிப்புகளை வார்டு மருந்து அலமாரியில் விரிக்கிறாள். "நல்ல கெட்டித் தாள்டா. மருந்து சிந்தினாலும் ஊறாது" என்று பாராட்டு வேறு.

பிப்ரவரி 19, வியாழன்

எங்கள் கட்சிக் கொறடா கூப்பிட்டு அனுப்பினார். தேர்தலுக்கு முன்னால் பட்டியல் தயாராகிறதாம். யார் எத்தனை முறை பேசினார், அதனால் ஊருக்கு என்ன நடந்தது. அதை வைத்துத்தான் சீட்.

"அண்ணே, அறுபத்தொண்ணு. கட்சியிலேயே நீங்கதான் முதல்ல நிக்கறீங்க. பலன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுதட்டும்?"

"பரிசீலனையில் உள்ளதுன்னு எழுதுங்க."

அவர் நிஜமாகவே எழுதிவிட்டார்.

மார்ச் 2, திங்கள்

காலையிலிருந்து ஊரில் மழையாம். பாலம் வழுக்கும்.

மார்ச் 3, செவ்வாய்

ஒருத்தர் போயிட்டாங்க.

அக்கா வார்டில் பத்தொன்பது வருஷமாகப் பெருக்கித் துடைக்கும் அம்மா. நேற்று காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு மழையில் குடையோடு வந்திருக்கிறார். காற்று குடையை இழுத்திருக்கிறது. கையில் பிடிக்க அந்தக் குடையைத் தவிர வேறு என்ன இருந்தது? மதகு பக்கத்தில் எடுத்தார்களாம். அக்காதான் தன் கையால் துடைத்து, துணி போர்த்தி—

நான்தான் போன் செய்தேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியாவிட்டால் சும்மா இருக்கலாம் அல்லவா? "அடுத்த வாரம் மறுபடியும் எழுப்பறேன்க்கா. அந்தத் திட்டம் இப்போ எந்த நிலையில இருக்குன்னு..." அவள் முடிக்க விடவில்லை.

"திட்டமாவது புண்ணாக்காவது! பிடிச்சுக்க ரெண்டு குழாய் போடுங்கடா, போதும்!"

மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் குரலை இறக்கிச் சொன்னாள்: "கைப்பிடி வந்தா போன் பண்ணு. அதுவரைக்கும் பண்ணாதே."

சின்ன வயதிலிருந்து என்னை எவ்வளவோ திட்டியிருக்கிறாள். பேசாதே என்று சொன்னதில்லை. அறுபத்தொரு பேச்சு பேசி நான் என்னத்தைக் கிழிச்சேன்?

மார்ச் 5, வியாழன்

இன்று நடந்ததற்கு எண் போடலாமா கூடாதா தெரியவில்லை.

இன்று பேசுவோர் பட்டியலில் என் பெயர் இல்லை. எழுந்தேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. அவைத்தலைவர் மூன்று முறை எச்சரித்துவிட்டு, இன்று முழுக்க அவைக்கு வெளியே இருக்கும்படி உத்தரவிட்டார். காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு கதவை நோக்கி நடந்தேன். ஆள் போய்விட்டான் என்ற தைரியத்தில் அமைச்சர் ஆரம்பித்தார்: "ஆஸ்பத்திரி நடைபாலத்தைப் பொறுத்தவரை, அவ்விடத்தில் ஒருங்கிணைந்த புதிய..."

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. திரும்பக்கூட இல்லை. கதவைப் பார்த்தபடியே கத்தினேன். அக்கா சொன்னதை, அப்படியே, 'டா'வைக்கூட விடாமல். நாலு வருஷமாக இலக்கணம் பார்த்துப் பேசியவன்!

அமைச்சருக்குப் பொறுமை போய்விட்டது. "போட்டுடறோம்யா! மூணு மாசத்துல ரெண்டு பக்கமும் குழாய் போட்டுடறோம், ஆளை விடுங்க!" அவையே சிரித்தது. மேஜைத்தட்டி வழக்கம்போலத் தட்டினார்.

மார்ச் 6, வெள்ளி

வரைவில் இப்படி இருக்கிறது:

"ஓர் உறுப்பினர்: திட்டமாவது புண்ணாக்காவது! பிடித்துக்கொள்ள இரண்டு குழாய் போடுங்கள், போதும்.

பொதுப்பணி அமைச்சர்: மூன்று மாதத்தில் இரண்டு பக்கமும் குழாய் போட்டுவிடுகிறோம்."

மூன்று தடவை படித்தேன். அவையில் அமைச்சர் ஒன்றைச் செய்கிறேன் என்று சொல்லி, அது குறிப்பிலும் ஏறிவிட்டால், அது உறுதிமொழி. நிறைவேறும் வரை உறுதிமொழிக் குழு துறையை விடாது. தேதி போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கும். நாலு வருஷமாக அந்த வாயிலிருந்து நான் பிடுங்கப் பார்த்தது இந்த ஒரு வரியைத்தான். வந்துவிட்டது!

ஆனால் அதென்ன ஓர் உறுப்பினர்? யார் அந்த ஓர் உறுப்பினர்? கத்தியவன் நான். வெளியே போனவன் நான். திருத்தப் படிவத்தில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். எண் 62. பலன் கட்டத்தை இப்போது நிரப்பட்டும் கொறடா.

மார்ச் 9, திங்கள்

சுருக்கெழுத்து அம்மா போன் செய்தார். இருபது வருஷத்தில் அவர் எந்த உறுப்பினருக்கும் தானாகப் போன் செய்ததில்லை என்று கேள்வி. ஓடினேன். என் படிவம் மேஜை மேல் இருந்தது.

"சார், வெளியே போகச் சொன்னதுக்கு அப்புறம் ஒரு உறுப்பினர் பேசற எதுவும் குறிப்புல ஏறாது. அதுக்குச் சொன்ன பதிலும் ஏறாது. விதி உங்களுக்குத் தெரியும்."

தெரியும். நானே அதைக் காட்டி ஒருத்தர் பேச்சை நீக்கச் சொல்லி வாதாடியிருக்கிறேன். என் பெயர் என்றதும் அந்த விதி கண்ணில் படவே இல்லை.

"பேர் போடணும்னா போட்டுடறேன். போட்டா ரெண்டு வரியும் போயிடும்."

"அன்னிக்கு கத்தினது யார்னு உங்களுக்குத் தெரியாதா மேடம்?"

"எனக்கு முதுகுதான் தெரிஞ்சுது. முதுகுக்குப் பேர் போடற வழக்கம் இங்க இல்லை." படிவத்தை என் பக்கம் தள்ளினார். "கடைசி நாள் இன்னிக்குத்தான். சாயங்காலத்துக்குள்ள வாபஸ் வாங்கலாம்."

கிழித்து அவர் குப்பைக் கூடையிலேயே போட்டேன். ஆக, நாலு வருஷத்தில் நான் பேசிய உருப்படியான ஒரே பேச்சு, நான் பேசாத பேச்சு. மனைவியிடம் மட்டும் சொன்னேன். அக்காவிடம் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிஞ்சிடும். அடுத்த நாள் அமைச்சருக்கும் தெரிஞ்சிடும்" என்றாள். அதுவும் சரி. அக்கா வாயில் எதுவும் தங்காது. எனக்கும்தான் தங்காது, ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

மார்ச் 17, செவ்வாய்

வயிறு எரிகிறது.

ஊரிலிருந்து படம் அனுப்பியிருக்கிறார்கள். பஸ் நிலையச் சுவர் முழுக்கப் போஸ்டர். "அவையில் முழங்கினார்! கைப்பிடி வாங்கித் தந்தார்!" யார்? மேஜைத்தட்டி! ஓர் உறுப்பினர் என்ற வரியைப் பார்த்திருக்கிறார். பெயர் காலியாகக் கிடக்கிறது, எடுத்து மாட்டிக்கொண்டார். தன் தொகுதி போதாதென்று என் தொகுதியில் வந்து ஒட்டுகிறார்.

மத்தியானம் கேண்டீனில் என் எதிரிலேயே உட்கார்ந்து ஒரு நிருபரிடம் சொல்கிறார்: "சில சமயம் உணர்ச்சிவசப்பட்டுடுவேன் பாருங்க. வாயில வந்ததைக் கேட்டுட்டேன்." அந்த வாயில் அப்போது கட்லெட் இருந்தது. நான் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போனேன். இல்லாவிட்டால் சொல்லியிருப்பேன்.

மார்ச் 18, புதன்

இன்னும் எரிகிறது.

ஏப்ரல் 21, செவ்வாய்

உறுதிமொழிக் குழு துறைக்குக் கடிதம் போட்டிருக்கிறது. ஜூன் ஐந்துக்குள் முடிந்ததா என்று தெரிவிக்க வேண்டும்.

படிக்கட்டில் அமைச்சர் என்னை நிறுத்தினார். பக்கத்தில் யாரும் இல்லை. "குரல் உங்களோடதுதான். எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. நான் ஒரு வரி எழுதிக் குடுத்தா நீக்கிடுவாங்க."

நான் சொன்னேன்: "எழுதிக் குடுங்களேன். கேட்டது உங்க ஆள் இல்லைன்னு ஆயிடும். ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்காரு பாவம்."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தத் தட்டி..." என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அந்தத் திருட்டுப் போஸ்டர்தான் இப்போது பாலத்துக்குக் காவல். இதை நான் யாரிடம் போய்ச் சொல்லிச் சிரிப்பது? யாரிடம் சொல்லி அழுவது?

மே 14, வியாழன்

சீட் இல்லை. "நிறைய பேசினீங்கண்ணே, மறுக்கலை. ஆனா எதிர்க்கட்சியா இருந்தும் பக்கத்துத் தொகுதிக்காரன் உங்க ஊருக்குக் கைப்பிடி வாங்கித் தர்றான்னா தலைமை என்ன நினைக்கும்?" எதிர்க்கட்சி நாங்கள், அவன் ஆளுங்கட்சி என்பதைக்கூட கொறடா குழப்பிக்கொண்டார். திருத்தவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு எழுந்து வந்தேன்.

மனைவி அலமாரியைத் திறந்து, பைண்டுப் புத்தகங்களை ஓரமாகத் தள்ளாமல், அவற்றுக்கு இடம் விட்டு, தன் புடவைகளை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜூன் 12, வெள்ளி

கைப்பிடி வந்துவிட்டது. ஒரு பக்கம்.

ஒரு பக்கம் மட்டும்! மறுபக்கத்துக்குக் குழாய் வந்து சேரவில்லையாம். குழுவுக்குத் துறை எழுதியிருக்கிறது: "உறுதிமொழி பகுதியளவு நிறைவேற்றப்பட்டது." இப்போது என் பெயர் வெளியே வந்தால் அந்தப் பகுதியோடு நின்றுவிடும். ரிப்பன் வெட்டியது மேஜைத்தட்டி. வெட்டிவிட்டுக் குழாயையும் தட்டியிருப்பார்.

சொன்னபடி அக்காவுக்குப் போன் செய்தேன். மூன்று மாதம் கழித்து அந்தக் குரல்.

"வந்துடுச்சுக்கா."

"வந்துச்சு. அந்த மனுஷனாவது கேட்டானே. நீ சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். அதற்கு மேல் பேச அவளிடம் ஒன்றும் இல்லை. என்னிடம் இருந்தது, சொல்ல முடியவில்லை.

ஜூன் 22, திங்கள்

மார்ச் மாத அவைக்குறிப்பு அச்சாகி வந்தது. வழக்கம்போல அக்காவுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். அந்தப் பக்கத்தில் கோடு போடவில்லை, மடக்கியும் வைக்கவில்லை. அலமாரியில் விரிக்கட்டும்.

ஜூலை 9, வியாழன்

அக்காதான் கூப்பிட்டாள். வார்டில் இருந்து.

"மருந்து அலமாரிக்குத் தாள் மாத்திட்டிருந்தேன்டா. ஒரு பக்கத்துல..." நிறுத்தினாள். பிறகு வாசித்தாள், ஒவ்வொரு வார்த்தையாக. "திட்டமாவது புண்ணாக்காவது. பிடித்துக்கொள்ள இரண்டு குழாய் போடுங்கள், போதும்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இது அந்த மனுஷன் சொன்னது இல்லை. இது நான் சொன்னது. உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"ஆமாக்கா."

"போடுங்கடான்னுல்ல சொன்னேன்?"

"நானும் அப்படித்தான் சொன்னேன். எழுதறவங்க மாத்திட்டாங்க."

சிரிப்பா, மூக்கை உறிஞ்சுகிற சத்தமா, எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அப்புறம் பெயர் ஏன் இல்லை என்று கேட்டாள். சொன்னேன். விதி, படிவம், முதுகு, போஸ்டர், சீட், எல்லாம். நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. என் வாழ்க்கையிலேயே இடையீடு இல்லாமல் நான் பேசி முடித்த பேச்சு இதுவாகத்தான் இருக்கும்.

"அந்தப் பக்கத்தை விரிக்கலைடா. தனியா எடுத்து வச்சிருக்கேன்." பின்னால் யாரோ சிஸ்டர் சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். இதோ வந்துட்டேன் என்று அவர்களுக்குக் குரல் கொடுத்துவிட்டு, என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "மறுபக்கத்துக் குழாய் இன்னிக்குக் காலையில வந்து இறங்கியிருக்கு. திங்கட்கிழமை மாட்டறாங்களாம். அதுவரைக்கும் வாயை மூடிட்டு இரு. நானும் யார்கிட்டயும் சொல்லலை."

சரிக்கா என்றேன்.

இன்று பேச்சு எதுவும் இல்லை.